கேஸ் கீசர் பற்றவே மாட்டேன் என்கிறது: போர்டா, டயாப்ரமா?

கேள்வி: எங்கள் வீட்டு கேஸ் கீசர் நான்கு வருடமாக ஒழுங்காக ஓடியது. ஐந்தாறு மாதம் முன்பு தண்ணீர் வேகம் போதவில்லை என்று பிரஷர் மோட்டார் போட்டோம். கொஞ்ச நாளில் குழாயை முழுதாகத் திறந்தால்தான் கீசர் பற்றும் என்று ஆனது. இப்போது டிக் டிக் சத்தமே வருவதில்லை. பேட்டரி மாற்றியும் பயனில்லை. கீசருக்கு அடியில் தண்ணீரும் சொட்டுகிறது. வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல் “போர்டு போச்சு, மாத்தணும்” என்றார். என் வீட்டுக்காரரோ வீடியோ பார்த்துவிட்டு, தண்ணீர் வால்வுக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற ரப்பர்தான் கிழிந்திருக்கும், நானே மாற்றிவிடுகிறேன் என்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் நாமே மாற்றலாமா? கீசர் பாத்ரூமுக்குள்தான் இருக்கிறது. சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, குளிருகிறது என்று மூடியே வைத்திருப்போம்.

பதில்: என் ஓட்டு உங்கள் வீட்டுக்காரருக்குத்தான். ஆனால் அவரும் இன்னும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை என்பதால் முழு மார்க் போட முடியாது. ஸ்பார்க் கொடுக்கும் எலக்ட்ரானிக் போர்டோ டயாப்ரமோ, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. கோளாறு கரண்ட் பக்கமா, தண்ணீர் பக்கமா என்பது அதில் தெரிந்துவிடும்.

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். பைப் கேஸ் என்றால் கீசருக்குப் போகும் வால்வை மூடுங்கள். இதில் சமாதானமே கிடையாது, கேஸ் மூடாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். முன்னால் இருக்கும் திருகு குமிழ்களை நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். அவற்றைக் கழற்றி மூடியைத் தூக்குங்கள். டிஸ்ப்ளே உள்ள மாடலில் மூடியோடு ஒரு ஒயர் வரும், வெடுக்கென்று இழுக்காமல் அதன் கனெக்டரைப் பிடித்துக் கழற்றுங்கள்.

உள்ளே, தண்ணீர் நுழையும் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கறுப்பு ஸ்விட்ச் தெரியும். அதிலிருந்து இரண்டு ஒயர் போர்டுக்குப் போகும். அதுதான் மைக்ரோ ஸ்விட்ச். அதை ஒட்டி ஒரு சின்ன உலோகத் தகடு நகரும்படி இருக்கும். பேட்டரி உள்ளே இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் மூடியிருக்கட்டும். ஸ்விட்சின் நாக்கை விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். சில மாடல்களில் அழுத்தினால் ஸ்பார்க் வரும், சிலவற்றில் அழுத்தம் விலகினால் வரும். பர்னர் அருகே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பார்க் கம்பியிலிருந்து கையைத் தள்ளியே வையுங்கள், பட்டால் சுரீரென்று அடிக்கும்.

டிக் டிக் என்று ஸ்பார்க் வந்தால் போர்டு, பேட்டரி, ஒயர், ஸ்விட்ச் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. குழாயைத் திறக்கும்போது அந்த ஸ்விட்சைத் தட்டிவிட வேண்டிய ஆள்தான் வேலைக்கு வரவில்லை. அந்த ஆள் டயாப்ரம். ஸ்பார்க் வரவில்லை என்றால் முதலில் பேட்டரி டப்பாவின் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதாவது பூத்திருக்கிறதா பாருங்கள். 1.5 வோல்ட் செல் இரண்டு சேர்ந்து 3 வோல்ட் தருகிறது. அந்தக் குறைந்த வோல்ட்டில் துளி துரு இருந்தாலும் போர்டுக்குக் கரண்ட் போய்ச் சேராது. ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் போடுகிற சாதாரண செல்லைப் போட்டுவிட்டு ‘புது பேட்டரிதானே’ என்று நினைப்பதும் நடக்கிறது. கீசருக்கு ஆல்கலைன் செல் போடுங்கள். தகடும் செல்லும் சரியாக இருந்தும் ஸ்பார்க் வராவிட்டால், ஸ்விட்சிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போது ஸ்பார்க் வந்தால் மாற்ற வேண்டியது மைக்ரோ ஸ்விட்ச். அப்போதும் வரவில்லை என்றால்தான் போர்டைப் பற்றிப் பேச்சு. போர்டு கெட்டே போகாது என்று சொல்ல வரவில்லை. ஈரம் இறங்கினால் கெடும், எறும்பு குடியேறினாலும் கெடும். மூடியைத் திறக்காமலே அதைச் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் டயாப்ரத்தைத்தான் காட்டுகின்றன: முழுதாகத் திறந்தால்தான் பற்றியது, பிறகு சத்தமே நின்றது, அடியில் சொட்டுகிறது. ஏன் என்று புரிய அந்தத் தண்ணீர் வால்வுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரிந்தால் உங்கள் வீட்டுக்காரர் மாற்றும்போது செய்யக்கூடிய பாதித் தவறுகள் தானாகவே தவிர்ந்துவிடும்.

தண்ணீர் வால்வு கைக்குள் அடங்குகிற பித்தளை அல்லது பிளாஸ்டிக் டப்பா. நடுவில் வட்டமான ரப்பர் ஒன்று அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. அதுதான் டயாப்ரம். சௌகரியத்துக்குக் கீழறை, மேலறை என்று சொல்லிக்கொள்வோம், பல மாடல்களில் டப்பா படுத்துத்தான் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் கீழறைக்குள் வந்து, ஒரு குறுகலான கழுத்தைத் தாண்டி, சூடாகும் காப்பர் காயிலுக்குப் போகிறது. குழாய் மூடியிருக்கும்போது இரண்டு அறையிலும் ஒரே அழுத்தம். டயாப்ரம் சும்மா கிடக்கும். குழாயைத் திறந்ததும் கழுத்தில் தண்ணீர் வேகமெடுக்கிறது. வேகம் கூடுகிற இடத்தில் அழுத்தம் குறையும். அந்தக் கழுத்திலிருந்து மேலறைக்கு ஒரு சின்னத் துளை போவதால் மேலறையிலும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. கீழே இருக்கிற அழுத்தம் ரப்பரை மேலே தள்ளுகிறது. ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் வட்டத் தட்டும் அதன் நடுவில் இருக்கும் ‘பின்’ என்ற சின்னக் கம்பியும் சில மில்லிமீட்டர் நகர்கின்றன. அந்தச் சின்ன நகர்வுதான் ஸ்விட்சைத் தட்டுகிறது. பெரும்பாலான மாடல்களில் கேஸ் போகும் வாயையும் அதே பின்தான் திறக்கிறது.

ரப்பரில் ஒரு ஊசித்துளை விழுந்தால் போதும், கீழறைத் தண்ணீர் மேலறைக்குக் கசிந்து இரண்டு பக்க அழுத்தமும் சமமாகிவிடும். தண்ணீர் எவ்வளவு பாய்ந்தாலும் பின் நகராது. கிழியாமல் வெறுமனே விறைத்துப் போனாலோ, வயிறு தள்ளி இழுபட்டுப் போனாலோ பாதி தூரம்தான் நகரும். அப்போது குழாயை முழுதாகத் திறந்தால் பற்றும், பாதி திறந்தால் பற்றாது. உங்கள் கீசர் முதலில் இந்த நிலையில் இருந்தது, அப்புறம் முழுதாகவே கைவிட்டது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கீசர் கவனிப்பது தண்ணீரின் ஓட்டத்தை. சாதாரண வீட்டு கீசர் பற்றுவதற்கு நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டராவது ஓட வேண்டும். ஒரு பக்கெட்டை வைத்து, வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். ஐந்து லிட்டர் வருகிறது, இருந்தும் பற்றவில்லை என்றால் ஓட்டத்தில் குறை இல்லை. ஒன்றரை லிட்டர்தான் வருகிறது என்றால் டயாப்ரத்தைக் குறை சொல்வதற்கு முன் கீசரின் தண்ணீர் நுழைவாயில் இருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் துருவும் அடைத்துக்கொண்டிருக்கும். ஷவரின் முகத்தில் உப்பு அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

பிரஷர் மோட்டாருக்கு வருகிறேன். தொட்டி உயரத்தால் கிடைக்கும் அழுத்தம் 10 மீட்டருக்குச் சுமார் 1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). தொட்டி கீசருக்கு மேலே 3 மீட்டரில் இருந்தால் 0.3 பார்தான். நான்கு வருடம் அந்த மெல்லிய அழுத்தத்தில் பழகிய ரப்பர் மேல், மோட்டார் ஓட ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் பல மடங்கு அழுத்தம் சட்டென்று வந்து அறைகிறது. சாகக் கிடந்த டயாப்ரத்தை மோட்டார் முடித்து வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. மோட்டாரைக் கழற்றச் சொல்லவில்லை. புது டயாப்ரம் போட்ட பிறகு கீசருக்குப் போகும் லைனில் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் பிரஷர் ரெட்யூசிங் வால்வு ஒன்று போடுங்கள். கீசரின் வாயில் இருக்கும் ஸ்டாப் வால்வைப் பாதி மூடி வைத்தால் ஓட்டம் குறையுமே தவிர, குழாய் மூடியிருக்கும் நேரத்து அழுத்தம் அப்படியேதான் வந்து நிற்கும். அதனால் அது முழு மருந்தாகாது.

சொட்டுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மூடியைத் திறந்திருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டு, மோட்டாரைப் போட்டு, இரண்டு நிமிடம் கவனித்தால் போதும். டப்பாவின் இரண்டு பாதியும் சேரும் விளிம்பில் ஈரம் கசிந்தால் டயாப்ரத்தின் ஓரம் போயிற்று. பின் வெளியே வரும் துவாரத்தில், ஸ்விட்சுக்குப் பக்கத்தில் துளி கட்டினால் பின்னைச் சுற்றியுள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. அதை அப்படியே விட்டால் அடுத்துக் கெடப்போவது மைக்ரோ ஸ்விட்ச். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழிலிருந்து சொட்டினால், அது வடிகால் மூடியும் அழுத்த வால்வும் சேர்ந்தது. மோட்டார் அழுத்தம் தாங்காமல் தன் வேலையைச் செய்கிறது. அதை இறுக்கி அடைக்க முயலாதீர்கள். எப்படியும் பாகம் வாங்கும்போது டயாப்ரம் மட்டும் வாங்காமல் ஓ ரிங்குகளும் சேர்ந்த செட்டாகக் கேளுங்கள்.

நாமே மாற்றலாமா என்றால், டயாப்ரத்தை மாற்றலாம், ஒரு நிபந்தனையோடு. கேஸ் போகும் பாதை எங்கும் திறக்கக் கூடாது. சில மாடல்களில் தண்ணீர் வால்வின் மூடி மட்டும் தனியாகக் கழன்று வரும், உள்ளே ரப்பர் இருக்கும். வேறு சிலவற்றில் தண்ணீர் வால்வைக் கேஸ் வால்விலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்கும்போது கேஸ் பக்கத்தில் அடைப்பு எதுவும் கழன்று, ஸ்பிரிங்கோ வால்வின் இருக்கையோ கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும், முடித்த பிறகு அவரே கசிவு பார்த்துத் தர வேண்டும். கேஸ் ஜெட், கரண்டில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, ரெகுலேட்டர், ஹோஸ் எதுவுமே வீட்டு வேலை கிடையாது.

வேலைக்கு இறங்கும்போது கேஸ் மூடி, பேட்டரி எடுத்து, கீசருக்கு வரும் தண்ணீரையும் மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடியைக் கழற்றினால் மிச்சத் தண்ணீர் கொட்டிவிடும். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்க்ரூக்கள் பச்சை பிடித்து உறைந்திருக்கும். தலை தேய்ந்துவிட்டால் பிறகு ட்ரில் போட வேண்டியதுதான், ஆகவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விட்டு, பொருத்தமான ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்பட்டும். ஒரு ஸ்க்ரூவை முழுதாகக் கழற்றாமல், எதிரும் புதிருமாக எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது.

திறந்ததும் பழைய ரப்பரைப் பிடுங்கிவிடாமல் முதலில் அது உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்னத் துளை, சிலவற்றில் இரண்டு, இருக்கும். கிழிந்த ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. கழுத்திலிருந்து மேலறைக்குப் போகும் பாதை அதன் வழியாகத்தான் கடக்கிறது. புது டயாப்ரத்தைப் போடும்போது அந்தத் துளை டப்பாவில் இருக்கும் துளைக்கு நேராக வர வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் பாதை அடைபட்டு, புது டயாப்ரம் போட்டும் கீசர் பற்றாது. ‘டயாப்ரம் மாற்றியும் சரியாகவில்லை, ஆகவே போர்டுதான்’ என்ற முடிவுக்குப் பல வீடுகளில் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். ரப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தால் உண்மையான கிழிசல் தெரியும். அது பெரும்பாலும் வட்டத் தட்டின் விளிம்பு உரசும் இடத்தில், பிறை வடிவில் இருக்கும்.

அறைகளில் உப்பு படிந்திருந்தால் வினிகரிலோ எலுமிச்சை உப்புத் தண்ணீரிலோ சிறிது நேரம் ஊற வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழுத்துத் துளையை ஊசியாலோ ஆணியாலோ குத்தக் கூடாது. பித்தளை மெத்தென்றது, துளை பெரிதானால் அழுத்தக் கணக்கே மாறிவிடும். வாயால் ஊதிப் பார்த்தால் போதும். பின் தங்குதடையின்றி உள்ளே வெளியே போய் வர வேண்டும். ஓ ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் எடுத்த அளவு. வண்டி கிரீஸ், வாசலின், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதி உப்பி, அந்தப் பின் கம்பி சிக்கிக்கொள்ளும். பின் சிக்குவது சாதாரண விஷயமில்லை. குழாயை மூடிய பிறகும் தீ அணையாமல் எரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அப்படி ஒரு முறை நடந்தாலும் கேஸை மூடிவிட்டு, சரிசெய்யும் வரை கீசரைத் தொடாதீர்கள்.

புது டயாப்ரம் அதே கம்பெனி, அதே மாடலுக்கானதாக இருக்கட்டும். கடைக்குப் பழையதையும் எடுத்துப் போய் விட்டம், ஓரத் துளை, நடுப்பள்ளம் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்க்ரூக்களைத் திரும்பப் போடும்போதும் எதிரும் புதிருமாக, கை பலத்தில் மட்டும் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பா என்றால் இன்னும் நிதானம், கொஞ்சம் மிஞ்சினாலும் விரிசல் விடும்.

அடுத்து, கேஸ் மூடியபடியே தண்ணீரைத் திறந்து கசிவு பாருங்கள். பிறகு பேட்டரி போட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். பின் நகர்வது கண்ணுக்குத் தெரியும், டிக் டிக் சத்தம் சில வினாடி வந்து தானாக நிற்கும். குழாயை மூடியதும் பின் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். நாலைந்து முறை இப்படித் திறந்து மூடிப் பார்த்துத் திருப்தியானால்தான் கேஸ். கேஸைத் திறந்தவுடன் கீசரைப் பற்ற வைக்காமல், எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவுங்கள். நுரை ஊதி குமிழ் விட்டால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வழக்கத்தை யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும், மேலே மூக்குக்குத் தெரியாமலும் போகலாம். முதல் தடவை பற்றும்போது முகத்தைக் கீசருக்கு நேரே வைக்காமல் தள்ளி நில்லுங்கள். லைனில் காற்று இருந்தால் இரண்டாவது முயற்சியில்தான் பற்றும்.

இவ்வளவும் செய்து கீசர் பற்ற ஆரம்பித்தாலும், இப்போதிருக்கும் இடத்தில் நீங்கள் அதை ஓட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய விஷயம் எனக்கு டயாப்ரத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த 10 கிலோவாட்டுக்கு மேல் சூடு வேண்டும். சமையல் அடுப்பின் பெரிய பர்னர் நாலைந்து சேர்ந்து எரிகிற மாதிரி. கணக்குப் போட்டால் பத்து நிமிடக் குளியலுக்குச் சுமார் 2 கன மீட்டர் காற்றை அந்தத் தீ தின்கிறது. ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் பாத்ரூமில் மொத்தக் காற்றே 7 கன மீட்டர்தான். ஆக்சிஜன் குறையக் குறைய தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேஸில் கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்க்கும் நாற்றம் எரிந்த புகையில் இருக்காது, ஆகவே ‘வாசனை வந்தால் தெரியுமே’ என்று இருந்துவிட முடியாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவளுவது, அதோடு உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவு. குளிக்கும்போது வீட்டில் யாருக்காவது இதில் ஏதாவது வந்திருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

கீசரை வெளிச்சுவரிலோ, காற்றோட்டமான திறந்த இடத்திலோ மாட்டி, வெந்நீர்ப் பைப்பை மட்டும் பாத்ரூமுக்குள் கொண்டு வாருங்கள். வெளிக்காற்றை உள்ளிழுத்துப் புகையையும் வெளியே விடும், அறைக் காற்றோடு சம்பந்தமே இல்லாத மூடிய வகை கீசர்தான் உள்ளே வைக்கத் தகுந்தது. உங்களுடையது திறந்த பர்னர் வகை என்பது நீங்கள் சொன்ன வர்ணனையிலிருந்தே தெரிகிறது. இடம் மாற்றுவது கேஸ் லைன் வேலை, அதை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். அவர் வரும் நாளிலேயே டயாப்ரத்தையும் வாங்கி வைத்திருந்து மாற்றச் சொன்னால் ஒரே செலவில் முடியும். உங்கள் வீட்டுக்காரருக்கு மைக்ரோ ஸ்விட்ச் சோதனை மட்டும் மிஞ்சும், அதை இன்று மாலையே செய்து பார்க்கலாம். ஸ்பார்க் வந்தால் போர்டு வாங்க வேண்டாம் என்று மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.